ஏசி கேஸ் வருடாவருடம் தீர்ந்துபோகுமா?

மூன்று வருடத்துக்கு முன் மே மாதத்தில் வாங்கிய ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி. ஒவ்வொரு ஏப்ரலிலும் சர்வீஸுக்கு ஆள் வருகிறார். தண்ணீர் அடித்துக் கழுவி முடித்ததும், “கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுடலாமா?” என்கிறார். 3,000 ரூபாய் போகிறது. அடுத்த ஏப்ரலில் வேறு ஆள், அதே பேச்சு. ஏசி கேஸ் வருடாவருடம் தீருமா, இல்லை ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீராது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து போகிற பொருள் கிடையாது. கம்ப்ரசர் அதை அழுத்தி அனுப்புகிறது. வெளி யூனிட்டில் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகிறது. உள் யூனிட்டுக்கு வந்து ஆவியாகி, அறையின் சூட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறது. மூடிய காப்பர் பைப்புக்குள் அதே கேஸ் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் இதே ஏற்பாடுதான். பத்து வருடம் ஓடிய ஃபிரிட்ஜுக்கு ஒரு தடவையாவது கேஸ் போட்டிருக்கிறீர்களா? ஏசியில் கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டவர் பாதி வேலைக்கு முழுக் காசு வாங்கியிருக்கிறார். லீக்கே இல்லாத மெஷினில் போட்டதாகச் சொன்னவர் முழுசாக ஏமாற்றியிருக்கிறார். உங்கள் வீட்டில் இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. அதற்கு முன் தொழிலின் உள்பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

நான் ஐடிஐ முடித்து 2002இல் சென்னையில் ஹெல்பராகச் சேர்ந்தவன். முதல் கோடையிலேயே பார்த்த ஒரு காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி வீடு. வெளி யூனிட் மொட்டை மாடியில். வீட்டுப் பெரியவர் அந்த வெயிலிலும் எங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூட்டிப்போன அண்ணன் கேஸின் அழுத்தத்தை முள்ளால் காட்டும் கேஜை மாட்டினார். முள் 65இல் நின்றது. அந்தக் காலத்து ஆர்-22 கேஸ் மெஷினுக்கு அது சரியான அளவு. “ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றார் அண்ணன். பெரியவர் கீழே இறங்கிப் போனார்.

அந்த இரண்டு நிமிடத்தில் அண்ணன் ஸ்பேனரால் சின்ன பைப் வால்வின் மூடியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து வால்வைத் திருகும் ஆலன் கீயை எடுத்து உள்ளே விட்டுத் திருகினார். திரவம் போகிற வழியைப் பாதி மூடிவிட்டால் கேஜில் முள் சரசரவென்று இறங்கும். 30க்கு வந்தது. வால்வு மேல் வெள்ளையாக ஐஸ் படர ஆரம்பித்தது. பெரியவர் ஒரு சொம்பு நிறைய மோரோடு மேலே வந்தார். “பாருங்கய்யா, 65 இருக்கணும், 30தான் இருக்கு. ஐஸ் கட்டுது பாருங்க. கேஸ் போயிடுச்சு” என்றார் அண்ணன். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து முள்ளைப் பார்த்தார், ஐஸைத் தொட்டுப் பார்த்தார், தலையாட்டினார். அண்ணன் சிலிண்டரில் ஹோஸை மாட்டி, நுனியைக் கொஞ்சம் தளர்த்தி ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரவைத்தார். என்னை இந்தப் பக்கம் வந்து நிற்கச் சொன்னார். நான் மறைத்துக்கொண்டு நின்றேன். வால்வைப் பழையபடி திறந்துவிட்டார். முள் 65க்கு ஏறியது. ஒரு கிராம் கேஸ்கூட உள்ளே போகவில்லை. பில் 1,800 ரூபாய். நாங்கள் படியிறங்கும்போது பெரியவர் என்னைக் கூப்பிட்டுத் தனியாக 50 ரூபாய் கொடுத்து, “நீயும் ஏதாவது சாப்பிடுப்பா, வெயில்ல வேலை செய்யறே” என்றார்.

அந்த அண்ணனைக் கெட்ட மனிதர் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். பைப்பைச் சூடாக்கி ஒட்டும் பிரேசிங் வேலையில் அவர் கை மாதிரி ஒரு கையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அவர் சம்பளம் அப்போது 4,500 ரூபாய். ஒரு கேஸ் போட்டால் முதலாளி 200 ரூபாய் தனியாகக் கொடுப்பார். ‘மெஷின் நல்லா இருக்கு, ஒண்ணும் செய்ய வேண்டாம்’ என்று உண்மையைச் சொல்லி வந்தால் ஒரு பைசா கிடையாது. பல வருடம் கழித்து நான் வேறொரு சர்வீஸ் கம்பெனியில் இருந்தபோதும் இதே கதைதான், வடிவம் மட்டும் மாறியிருந்தது. தினமும் ராத்திரி வாட்ஸப் குரூப்பில் யார் எவ்வளவு கலெக்‌ஷன் என்று வரிசை போட்டு அனுப்புவார்கள். கடைசி மூன்று பேருக்கு மறுநாள் தூரத்து வீடுகளின் சர்வீஸ் வேலைகள் விழும். அங்கே எட்டு மாதம் தாக்குப்பிடித்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

நம் ஊர் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய நிறுவனம் கார் பழுதுபார்க்கும் கடைகளை நடத்தியது. ஊழியர்களுக்குக் கமிஷனும் டார்கெட்டும் வைத்தது. புகார்கள் வரவே, கலிஃபோர்னியா மாநில நுகர்வோர் துறை தன் ஆட்களைச் சாதாரண வாடிக்கையாளர் போல கார்களோடு அனுப்பிப் பார்த்தது. 38 தடவை போனதில் 34 தடவை தேவையில்லாத வேலைக்குக் காசு வாங்கியிருந்தார்கள். 1992இல் இது வெளியே வந்ததும் சியர்ஸ் அந்தக் கமிஷன் முறையையே நிறுத்தியது. அத்தனை கடையிலும் திருடர்களையா தேடிப் பிடித்து வேலைக்கு வைத்திருப்பார்கள்? பழுதைக் கண்டுபிடிக்கிறவருக்கே பழுதினால் வருமானம் என்று ஏற்பாடு செய்தால், நல்ல கைக்காரரும் நாளடைவில் இல்லாத பழுதைக் காண ஆரம்பித்துவிடுவார். என் இத்தனை வருட அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. அதனால் நான் சொல்லப்போகிற யோசனை எல்லாமே, பார்க்கிற வேலையையும் விற்கிற வேலையையும் பிரித்து வைப்பது எப்படி என்பதைப் பற்றித்தான்.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே செய்யக்கூடிய சோதனை இருக்கிறது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். வெளி யூனிட் ஃபேன் ஓடுகிறதா, அதன் பின்பக்கத்துத் தகடுகளில் தூசி அடைத்திருக்கிறதா, முன்னால் யாராவது அட்டைப்பெட்டியோ துணி ஸ்டாண்டோ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பால்கனியை அடைத்துக் கதவு போட்டுவிட்டு, வெளி யூனிட் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு ஏசியைக் குளிர்ச்சி நிலையில் 16 அல்லது 18 டிகிரி வைத்து, ஃபேனை வேகமாக்கி, 15, 20 நிமிடம் ஓடவிடுங்கள். இன்வெர்ட்டர் மெஷின் முழு வேகத்தில் ஓட வேண்டும், அதற்குத்தான் குறைந்த டிகிரி. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை முதலில் மேலே காற்று உள்ளே போகிற இடத்திலும், அப்புறம் கீழே குளிர்காற்று வெளிவருகிற இடத்திலும் வைத்துப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கிறது உதவாது, அறை வெப்பம் காட்டுகிறது வேண்டும். இரண்டுக்கும் 10 டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருந்தால் கேஸ் பக்கம் போகவே வேண்டாம். மெஷின் தன் வேலையைச் செய்கிறது.

பிறகு ஏன் அறை குளிரவில்லை? மேல்மாடியாக இருந்தால் அதுதான் காரணம். கத்திரி வெயிலில் காங்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஜனவரியில் நடுங்க வைத்த அதே ஏசி மே மாதத்தில் திணறும். வீட்டுக்காரர் ‘போன மாசம் நல்லா இருந்துச்சே’ என்று ஆளைக் கூப்பிடுவார். வந்தவர் ‘வெயில் ஜாஸ்தி சார், மெஷின் ஓகே’ என்று சொன்னால் 300 ரூபாய் விசிட்டிங் சார்ஜுக்கே முகம் சுளிப்பார். கேஸ் என்று சொன்னால் 3,000 கொடுப்பார். வாடிக்கையாளர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வித்தியாசம் நாலைந்து டிகிரிதான் வருகிறது என்றால் வெளி யூனிட்டில் பைப் சேரும் இடத்தைப் பாருங்கள். எட்டாத உயரத்திலோ கைப்பிடி இல்லாத சன்ஷேடிலோ இருந்தால் நீங்கள் போக வேண்டாம். சின்ன பைப், பெரிய பைப் என்று இரண்டு இருக்கும். பெரிய பைப் ஜில்லென்று இருந்து வேர்த்து ஊற்றினால் பொதுவாகக் கேஸ் போதுமான அளவு இருக்கிறது. சின்ன பைப்பில் ஐஸ் கட்டி, பெரிய பைப் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் குறைந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் ஃபில்டரைக் கழுவாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஃபில்டர் அடைத்திருந்தாலும் காற்றோட்டம் இல்லாமல் உள் காயிலில், அதாவது உள் யூனிட்டின் குளிரும் பைப் சுருளில், ஐஸ் கட்டும், அதைக் காட்டியே கேஸ் போட்டுவிடுவார்கள்.

இப்போது கேஜ் விஷயம். வீட்டுக்காரருக்குப் புரியாது என்ற தைரியத்தில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. பழைய ஆர்-22 மெஷின் ஓடும்போது 60இலிருந்து 70 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) இருக்கும். இப்போது வருகிற ஆர்-32, ஆர்-410ஏ மெஷின்களில் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு, 110இலிருந்து 140 வரை இருக்கலாம். அதோடு இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் முள்ளும் ஆடிக்கொண்டே இருக்கும். வேகம் ஏறும்போது முள் இறங்கும், வேகம் குறையும்போது ஏறும். மெஷினைப் போட்டு கம்ப்ரசர் உச்ச வேகத்தில் இழுக்கிற நேரம் பார்த்து, “130 இருக்கணும், 100தான் இருக்கு” என்று காட்டினால், அது உண்மையான எண்ணாகவே இருக்கும், அர்த்தம்தான் பொய். ஆலன் கீ வித்தைகூட இப்போது தேவைப்படுவதில்லை.

மெஷினை நிறுத்தி அரை மணி நேரம் விட்டு அழுத்தம் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. 35 டிகிரி வெயிலில் ஆர்-32 மெஷின் நின்றிருக்கும்போது 300 பிஎஸ்ஐ பக்கம் காட்டும். அதே நிலையில் 100, 120 என்று காட்டினால் உள்ளே திரவமாக ஒன்றும் மிச்சமில்லை, பெரிய லீக், சந்தேகமே வேண்டாம். ஆனால் 300 காட்டுவதால் மட்டும் கேஸ் முழுசாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே அழுத்தம் அப்படித்தான் நிற்கும். சமையல் சிலிண்டர் பாதி காலியானாலும் அடுப்பு அதே மாதிரி எரிகிறதே, அதுபோல.

அப்படியானால் எதை நம்புவது? எடையை. வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆர்-32, 0.75 கிலோ என்பது போல. அதை இன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் போடுகிறவர் சிலிண்டரை டிஜிட்டல் தராசில் வைத்துத்தான் போட வேண்டும். போடும் முன் ஒரு எண், போட்ட பின் ஒரு எண். கழித்தால் உள்ளே போனது தெரிந்துவிடும். தராசு இல்லாமல் வருகிறவரிடம் கேஸ் போடாதீர்கள். “அண்ணே, தராசு இருக்கா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வேலை தெரிந்தவர் சந்தோஷமாக எடுத்து வைப்பார். மற்றவர் ‘அதெல்லாம் கேஜ்லயே தெரியும் சார்’ என்பார். 200 கிராம் ஏற்றிவிட்டு முழு கேஸுக்குப் பில் போடுவதும் சாதாரணமாக நடக்கிறது, அதற்கும் தராசுதான் பதில்.

முறையான வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் முறையற்றது தானாகப் பிடிபடும். கேஸ் குறைந்திருந்தால் முதலில் லீக்கைத் தேட வேண்டும். நைட்ரஜனை ஏற்றி, ஒரு மணி நேரமாவது விட்டு, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினால் லீக் உள்ள இடத்தில் குமிழ் கிளம்பும். லீக்கைச் சரிசெய்த பிறகு வாக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுக்க வேண்டும். அந்தப் பம்ப் அரை மணி நேரமாவது ஓட வேண்டும், சத்தம் உங்களுக்கே கேட்கும். ஈரம் உள்ளே நின்றால் நாளடைவில் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரையே கெடுக்கும். அதன் பிறகுதான் எடை போட்டுக் கேஸ். இத்தனையும் செய்ய இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். 20 நிமிடத்தில் கேஸ் போட்டுவிட்டுக் கிளம்பினால் இதில் எதுவும் நடக்கவில்லை. இன்னொன்று, நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜனை ஏற்றிச் சோதிக்க யாராவது முயன்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணெயும் ஆக்ஸிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகிற விஷயம் அது. ஆர்-32 கூட லேசாகத் தீப்பற்றக்கூடிய கேஸ்தான், அதை உள்ளே வைத்துக்கொண்டு பைப்பில் நெருப்பு காட்டக் கூடாது.

லீக் நிஜமாகவே இருக்கிற வீடுகளும் நிறைய உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வாங்கி ஒன்றிரண்டு வருடத்துக்குள் கேஸ் குறைந்தால் பெரும்பாலும் மாட்டியவர் பைப் நுனியைச் சரியாக விரிக்கவில்லை, அல்லது நட்டைச் சரியாக இறுக்கவில்லை. சேலையூரில் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா ஒருவர் மூன்று வருடத்தில் நாலு பில் எடுத்துக் காட்டினார். நாலும் கேஸ், மொத்தம் 11,400 ரூபாய். நான் வெளி யூனிட் நட்டில் நுரையைத் தடவிவிட்டு டார்ச் அடித்தேன். கடுகு அளவு ஒரு குமிழ், மெதுவாக வந்து, உடைந்து, திரும்ப வந்தது. அம்மாவையே கிட்டக் கூப்பிட்டுக் காட்டினேன். பைப் நுனியை ஓர் அங்குலம் வெட்டிப் புதிதாக விரித்து இறுக்கினேன். அந்த வேலைக்கு 400 ரூபாய், அப்புறம் ஒரு தடவை கேஸ். இப்போது ஐந்தாவது கோடை, கேஸ் பக்கம் போகவில்லை. நாலு பேர் வந்துபோன வீட்டில் ஒருவர்கூட நுரை தடவிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கும், கூவம் மாதிரி சாக்கடை நாற்றம் வீசுகிற கால்வாய் ஓரம் இருப்பவர்களுக்கும் காயிலே அரித்து ஊசித் துளை விழும். உப்புக் காற்றும் சாக்கடை வாயுவும் உலோகத்தைத் தின்றுவிடும். அங்கே ஒரு துளையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும். காயிலையே மாற்ற வேண்டியிருக்கும், செலவு பெரியது. அப்படிச் சொல்கிற மெக்கானிக் பொய் சொல்கிறார் என்று எடுத்தவுடன் நினைக்காதீர்கள். நுரையில் குமிழைக் காட்டச் சொல்லுங்கள்.

கேஸுக்கு அடுத்தபடி, மோட்டார் ஓட உதவும் கெபாசிட்டர். கடையில் 200, 300 ரூபாய்க்குக் கிடைப்பதை 1,200 என்று பில் போடுவார்கள். கூலியோடு சேர்த்து நியாயமாக வாங்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கவனிக்க வேண்டியது வேறு: இன்வெர்ட்டர் ஏசியின் கம்ப்ரசருக்கு அந்த ரன்னிங் கெபாசிட்டரே கிடையாது. உங்கள் பில்லில் ‘கம்ப்ரசர் கெபாசிட்டர் மாற்றியது’ என்று இருந்தால் அதை வைத்தே கேள்வி கேட்கலாம். அப்புறம் மெஷினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பலகையான பிசிபி போர்டு. வெளி யூனிட்டுக்குள் பல்லி புகுந்து போர்டில் ஒட்டிச் செத்துக் கிடக்கும், எறும்பு கூடு கட்டும், ஒரு ஃபியூஸோ ரிலேயோ போயிருக்கும். போர்டைக் கழற்றிக்கொண்டு போய் ஒரு சின்ன பாகத்தை மாற்றி, துடைத்து, மறுநாள் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் புது போர்டு என்று 8,000, 10,000 வாங்குவார்கள். கழற்றும் முன் போர்டைப் படம் எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் குறித்து வையுங்கள். புதுசு மாட்டினால் பழையதைக் கையில் கேளுங்கள். போர்டை ரிப்பேர் செய்து தருவது நல்ல வேலைதான், நான்கூட அதைத்தான் முதலில் சொல்வேன். ரிப்பேரை ரிப்பேர் என்று சொல்லிக் காசு வாங்க வேண்டும்.

கண்ணால் பார்த்ததை நம்பவைத்து ஏமாற்றுவது ஏசியோடு நிற்கவில்லை. தண்ணீர் ஃபில்டர் விற்கிறவர்கள் இரண்டு டம்ளர் தண்ணீரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகித் திரியும், அவர்கள் ஃபில்டர் தண்ணீர் தெளிவாக நிற்கும். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, அவர்கள் விட்ட இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்புச்சத்துள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, தெளிவாகவே நிற்கும். மேற்கு மாம்பலத்துப் பெரியவர் தொட்டுப் பார்த்த ஐஸும் இந்தப் பழுப்புத் தண்ணீரும் ஒன்றுதான்.

இன்னும் மோசமானது போலி கஸ்டமர் கேர் எண். கம்பெனி பெயரையும் சர்வீஸ் என்ற சொல்லையும் போட்டு இணையத்தில் தேடினால் முதலில் வருகிற எண் கம்பெனியுடையதாகவே இருக்கும் என்று நம்பி விடாதீர்கள். கம்பெனி லோகோ போட்ட சட்டையில் ஆள் வருவார், வாரன்டி இருக்கிற மெஷினுக்கே காசு வாங்கிப் போவார். எண்ணை வாரன்டி அட்டையிலிருந்தோ கம்பெனியின் சொந்த ஆப்பிலிருந்தோ எடுங்கள். புகார் பதிவானதற்கு எஸ்எம்எஸ் வந்ததா, வந்திருக்கிற ஆளுக்கு அந்தப் புகார் எண் தெரிகிறதா என்று பாருங்கள். 10 ரூபாய் முன்பணம் என்று லிங்க் அனுப்பினாலோ ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும், அது சைபர் மோசடிக்கான எண்.

இதில் உங்கள் விஷயத்துக்கு ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. மே மாதம் வாங்கினீர்கள். முதல் ஏப்ரல் வந்தபோது ஒரு வருடம் முடியவில்லை. பெரும்பாலான கம்பெனிகள் முதல் வருடத்தில் கேஸையும் சேர்த்துத்தான் வாரன்டி கொடுக்கின்றன. அந்த 3,000 ரூபாயை நீங்கள் கொடுத்திருக்கவே கூடாது. வாரன்டி அட்டையை எடுத்துப் படித்துப் பாருங்கள். கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், கேஸும் கூலியும் அதில் அடங்காது என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் தீருமா என்று அடுத்து கேட்பீர்கள். பாகங்கள், கேஸ் எல்லாம் அடங்கிய ஒப்பந்தமானால் இல்லாத பழுதைச் சொல்லும் ஆசை போய்விடும், ஏனென்றால் செலவு அவர்களுடையது. ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு தொல்லை வரும். நிஜமாகவே லீக் இருந்தாலும் ‘வெயில்தான் சார், மெஷின் ஓகே’ என்பார்கள். அங்கேயும் தெர்மாமீட்டர் உதவும், படம் எடுத்து அனுப்பலாம். வெறும் கழுவுகிற வேலைக்கு மட்டும் ஒப்பந்தம் என்றால், வருடத்துக்கு மூன்று தடவை கேஸ் விற்க ஆளை நீங்களே கூப்பிடுகிறீர்கள்.

பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் ‘ஏசி சர்வீஸ்’ என்று மொட்டையாக எழுதாமல், எந்தக் கேஸ், எத்தனை கிராம், லீக் எங்கே இருந்தது, எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதச் சொன்னவுடனேயே சிலருக்கு ‘கேஸ் பரவாயில்லை சார், இன்னும் ஒரு வருஷம் ஓடும்’ என்று மனம் மாறிவிடும். ஏமாந்துவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம், பெரிய நிறுவனங்கள் அதற்குப் பதில் சொல்லும். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. 3,000 ரூபாய்க்கு யார் அலைவது என்று தோன்றும். மூன்று பில்லும் உங்களிடம் இருந்தால் அது 9,000 ரூபாய், ஒரே கம்பெனி பெயரில் இருந்தால் கட்டாயம் 1915க்காவது சொல்லுங்கள்.

கடைசியாக நீங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது. பழைய ஆட்கள் யாரையும் கூப்பிட வேண்டாம். ஃபில்டரைக் கழுவி, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் குறைவாக வந்தால், தனியாகத் தொழில் செய்கிற, உங்கள் தெருவில் நாலு வீட்டுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிடுங்கள். போனிலேயே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, நீங்க பார்த்து என்னன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு 500 ரூபா தர்றேன். இன்னைக்கு எந்த வேலையும் செய்ய வேண்டாம். வேலை இருந்தா நாளைக்குப் பேசிக்கலாம்.” இந்த 500 ரூபாய் அவர் உண்மையைச் சொல்வதற்கு நீங்கள் கொடுக்கிற கூலி. மெஷின் நன்றாக இருக்கிறது என்றாலும் அவர் வெறுங்கையோடு போகப்போவதில்லை, அதனால் பொய் சொல்லத் தேவையும் இல்லை. லீக் என்றால் குமிழைக் காட்டட்டும், மறுநாள் தராசும் வாக்குவம் பம்பும் எடுத்துக்கொண்டு வரட்டும். இதை ஏப்ரலில் செய்யாமல் அடுத்த முறை மாசி மாதத்திலேயே செய்யுங்கள். அப்போது அவருக்கும் அவசரம் இருக்காது, பிள்ளை தூங்கவில்லையே என்ற தவிப்பு உங்களுக்கும் இருக்காது.

லேபிள் படத்தையும், மேலேயும் கீழேயும் எத்தனை டிகிரி வந்தது என்பதையும் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.